இந்த வருடக் காப்பு லட்சுமணனுக்கு

மாசி 3

அன்பு மகள் ஸ்ரீதேவிக்கு அப்பா எழுதுவது.

நீ செய்தது தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது பிறகு. பெற்ற தகப்பன் கல்லுப் பிள்ளையார் மாதிரி இங்கே உட்கார்ந்திருக்கும்போது, பிரசவத்துக்கு மாமியாரைக் கூப்பிட்டு, அழைப்புக் கடிதம் அனுப்பி, டிக்கெட்டும் போட்டு, அந்தச் செய்தியை நான் வளையல் கடையில் நின்று தெரிந்துகொள்ளும்படி வைத்தாயே, அது தப்பு. நீ என்ன காரணம் சொன்னாலும் தப்பு தப்புதான். சரி. நான் நலம். முட்டி வலி மழையோடு போய்விட்டது, சர்க்கரை இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளை பரணிதரனும் ஸ்வீடன் பனியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று திரௌபதி அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். கோபம் வேறு, அது வேறு.

ஏன் போனில் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், விழுந்த பிறகு நீ பதில் போடும்வரை என்னால் வேறு வேலை பார்க்க முடியாது. தபாலில் அந்தத் தொல்லை கிடையாது. போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று திருக்கழுக்குன்றம் தபால் ஆபீசில் சொன்னார்கள், ஆகட்டும். ஐந்தாவதோடு நின்றவன் நான், சிறுசேரிக்கு வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, அவர்கள் வேலை முடிந்து வரும்வரை ஸ்டியரிங் மேல் பேப்பரை விரித்து வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன், எழுதவும் அப்படித்தான் வந்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தில் பிழை கிடையாது.

மார்கழியில் நீ பேசி அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே என்று டாக்டர் சொன்னதாகவும், அதனால் எது முக்கியமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடப் போவதாகவும் சொன்னாய். நல்லது. தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் பொறுப்பை விட்டேன் என்றாய், சனிக்கிழமை பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பை விட்டேன் என்றாய், ஆபீசில் கூடுதலாக வாங்கிக்கொண்ட வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாய், சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே கேட்டேன். கடைசியில் குரலை இறக்கி, ஞாயிற்றுக்கிழமை போனையும் இனிமேல் மாதத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளலாமா அப்பா என்றாய். நாலு தடவை போட்டுக் கேட்டேன். நாலு தடவையும் சங்கத்துக்கும் வகுப்புக்கும் ஆபீசுக்கும் பிறகு நான்தான் வந்தேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன், அதை அனுப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. உடம்புக்காகச் சொல்கிறாள், போகட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். ஆனால் புதன்கிழமை தவறாமல் மாமியாருக்குப் போடும் போனை நீ விடவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். உன் வளைகாப்புக்குப் பஞ்சு சுற்றிப் பார்சலில் அனுப்பலாம் என்று கண்ணாடி வளையல் வாங்க, சங்கு தீர்த்தத்துப் பக்கம் ஷபானா கடைக்குப் போனேன். நீ கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து உன் அம்மா வாங்கின கடை. என்னைப் பார்த்ததும் ஷபானா, "இன்னா நைனா, ஒங்க சம்பந்தியம்மா நேத்தே வந்து ஆறு டஜன் வாங்கினு பூட்டாங்களே, ஃபாரின்ல பொண்ணுக்கு அடுக்கணும்னு. டிக்கெட்லாம் போட்டாச்சாமே, நீ போவலியா?" என்று கேட்டாள். நானும்தான் போகிறேன் என்றேன். அறுபத்தேழு வயதில் வளையல் கடையில் நின்று பொய் சொல்ல வைத்தாய். அந்தம்மா எடுக்காத நிறமாகப் பார்த்துக் கொடு என்றேன். பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றிலும் அவர் எடுத்திருக்கிறார், ஊதா மட்டும்தான் பாக்கி. இரண்டு டஜன் ஊதா வாங்கிக்கொண்டு வந்தேன். உனக்கு ஊதா பிடிக்குமா பிடிக்காதா என்றுகூட எனக்குத் தெரியாது, அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே உனக்குச் செய்தி போட்டுக் கேட்டேன். நீ போட்ட பதில் மனப்பாடமாக இருக்கிறது. "சித்திரைல நீ காப்பு கட்டியிருப்ப, ஊர் எல்லைய தாண்ட மாட்ட. உன்னை இக்கட்டுல மாட்ட வேணாம்னுதான் கேக்கலப்பா. அத்தை வர்றாங்க, நீ கவலப்படாத." எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தர்மகர்த்தா என்று முதல் மஞ்சள் கயிற்றை என் கையில்தான் பூசாரி கட்டுகிறார், பாரதம் படிக்கத் தொடங்கித் தீ மிதித்து முடிக்கிற பதினெட்டு நாளும் காப்புக் கட்டியவன் எல்லையம்மன் கல்லைத் தாண்டுவதில்லை, உன் பிரசவமும் சித்திரைக் கடைசியில்தான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாட்டேன் என்று நான் சொல்வதற்குள் நீயாகவே எனக்காக மாட்டேன் என்று சொல்லிவிட்டாய்.

மறுநாள் அந்த வளையல் பையோடு பஸ் ஏறிப் புதுப்பட்டினத்துக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்க ஒன்றும் இல்லை. சம்பந்தி பாலசுப்ரமணியன் என் முகத்தைப் பார்த்தார், வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், நான் கிளம்பும்வரை இறக்கவில்லை. உன் மாமியார் விஜயகுமாரியம்மா கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, லேகிய டப்பா, வசம்பு, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணி என்று ஒவ்வொன்றாகத் தராசுக் கொக்கியில் மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தார். போக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதே. பிரிட்ஜ் கதவில் உன் ஸ்கேன் படம் ஒட்டியிருந்தது. எனக்கு நீ போனில் அனுப்பினதில் மேகம் மாதிரித்தான் ஏதோ தெரிந்தது, அவர் வீட்டுப் படத்தில் மூக்கு தெரிந்தது. ஞானம்பாளின் மூக்கு. என் பெண்டாட்டியின் மூக்கு அவர் வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அதற்குமேல் நான் பேசியது எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. தாய் இல்லாத பெண்ணுக்குத் தகப்பன் இருக்கிறான் என்பதில் தொடங்கினேன், டீச்சராக இருந்தால் ஊரான் பிள்ளை எல்லாம் சொந்தப் பிள்ளை ஆகிவிடுமா என்பதுவரை போனேன்.

அந்தம்மா கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சர்க்கரை போடாமல் காபி கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சர்க்கரை போடக் கூடாது என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழம போன் போட்டா ஊரே பேசுதாம் அண்ணாச்சி, அப்பா மட்டும் பேசலையாம்" என்றார். முப்பத்தைந்து வருடம் கல்பாக்கத்தில் டீச்சராக வேலை பார்த்தும் அவருக்குத் திருநெல்வேலி வாய் மாறவில்லை. நீ சொன்னதைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உண்மைதான், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் கமிட்டி உட்கார்ந்திருக்கும், நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைப்பேன், லட்சுமணன் பனி எவ்வளவு உயரம் என்பான், பூசாரி அங்கே நம் கோயில் இருக்கிறதா என்பார், ஒரு சுற்று வந்து போன் என் கைக்கு வரும்போது உனக்கு நேரம் ஆகிவிடும். பெருமைக்குத்தான் செய்தேன். செங்கல்பட்டில் இருக்கும் லட்சுமணன் மகன் பொங்கலுக்குப் பொங்கல்தான் பேசுகிறான், கடல் தாண்டி இருக்கும் என் மகள் வாரம் தவறுவதில்லை, நாலு பேர் பார்க்கட்டுமே என்று. இதை நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் சொல்லியிருக்கிறாய். அவர் உன் போன் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு மிக்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்பாராம், அதையும் அவர் சொல்லவில்லை, சம்பந்திதான் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

பிறகு அந்தம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்களக் கூப்பிட்டா வருவியளா? வருவேன்னு சொல்லுங்க, இப்பவே பிள்ளைக்குப் போன் போடுதேன்." மிச்சமிருந்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வளையல் பையை அங்கேயே மறந்துவிட்டேன்.

இனிமேல் எழுதப் போவதை உன்னைத் தவிர யாருக்கும் படித்துக் காட்டாதே, மாப்பிள்ளைக்குக்கூட வேண்டாம். நாலு வருடத்துக்கு முன் சித்திரையில் உன் அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். உனக்கு அப்போது கல்யாணம் ஆகி நாலு மாதம். என் கையில் காப்பு. நீயும் உன் மாமியாரும்தான் மாற்றி மாற்றி இருந்தீர்கள், நான் ஒரு நாளும் வரவில்லை. எல்லையைத் தாண்டக் கூடாது, அம்மன் உத்தரவு என்று உன்னிடம் சொன்னேன், நீயும் நம்பினாய், இன்றைக்கும் அதை நம்பித்தான் என்னைக் கூப்பிடாமல் விட்டிருக்கிறாய். இரண்டாவது நாளே பூசாரி என்னிடம் வந்து, "கயித்த அவுத்து அம்மா காலாண்ட வெச்சிட்டுப் போ நைனா, பொண்டாட்டி படுத்துனு கீறப்ப அம்மா இன்னா கோச்சிக்கவா போறா? லட்சுமணன் கட்டிக்கினு நிக்கட்டும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். அம்மனுக்குப் பயந்து இல்லை. அந்தக் கயிறு லட்சுமணன் கைக்குப் போய்விட்டால் அடுத்த வருடம் திரும்பி வராது என்று பயந்து. அவன் அதற்கு முந்தின வருடம்தான் தனக்கும் ஒரு தடவை வேண்டும் என்று கமிட்டியில் வாய் திறந்திருந்தான். அதற்காகப் பதினோரு நாளும் காலையும் மாலையும் எல்லையம்மன் கல்வரை நடந்துபோய் நின்று, செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி வைக்கவில்லை.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நீ வர்லன்னு நான் இன்னா செத்தா பூட்டேன்? அந்தம்மா தெனம் தல வாரி உட்டுச்சி, வகிடு எவ்ளோ நேரா கீது பாரு. உனுக்கு வருமா?" என்று தலையைக் குனிந்து காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆடியில் போய்விட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை விஜயகுமாரியம்மாவைப் பார்த்தால் எனக்கு முதலில் அவர் கைதான் தெரிகிறது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை ஸ்ரீதேவி, நடந்ததைச் சொன்னேன். நீ செய்தது தப்பு என்று முதலில் எழுதினதை நான் அடிக்கவும் போவதில்லை.

புதுப்பட்டினத்திலிருந்து திரும்பியதும் ஒரு காகிதத்தில் என்னென்ன பொறுப்பு வைத்திருக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன், ஏழு வந்தது. ஏரிச் சங்கத் தலைவர் பதவியை அன்றைக்கே விட்டேன், மதகுச் சாவியைப் பக்கத்து நிலத்து ஆல்வினிடம் கொடுத்தேன். அவன் மறுநாளே எண்ணெய் போட்டு, பன்னிரண்டு வருடமாகக் கிறீச்சிட்ட மதகு இப்போது சத்தமே இல்லாமல் திறக்கிறதாம், ஊரே அதைத்தான் பேசுகிறது, நான் அந்தப் பக்கம் போவதில்லை. பௌர்ணமி கிரிவலத் தண்ணீர்ப் பந்தல், வேன் ஓட்டுநர் சங்கத்து ஆலோசகர், பள்ளிக்கூடக் கமிட்டி, ஊர்க் கல்யாணங்களில் தட்டு மாற்ற முன்னால் நிற்பது, பாகப் பிரிவினைப் பஞ்சாயத்து, எல்லாம் ஒரே வாரத்தில் விட்டேன். ஒருவரும் அழவில்லை. கடைசியில் காப்பு. தைக் கடைசி ஞாயிறு கமிட்டியில் எழுந்து, இந்த வருடம் முதல் காப்பு லட்சுமணனுக்கு என்றேன். "இன்னா அண்ணாத்த, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். மரியாதைக்காவது இரண்டு தடவை வேண்டாம் வேண்டாம் என்பான் என்று பார்த்தேன். "இருவத்திரெண்டு வருசமா நீயே கட்டிக்கினு கீற, இப்பதான் என் கையி உன் கண்ல பட்டுச்சா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே கடிகாரத்தைக் கழற்றி மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நோட்டீஸ் அச்சடித்து வந்துவிட்டது. அவன் படம் போன வருடம் போட்ட என் படத்தைவிட ஒரு விரல் பெரிது. அளந்து பார்த்தேன். சாப்பாடு இரண்டு நாள் ருசிக்கவில்லை. இருந்தாலும் திருப்பிக் கேட்க மாட்டேன், கொடுத்தது கொடுத்ததுதான்.

நீ நாலு விட்டாய், அதில் ஒன்று நான். நான் ஏழு விட்டிருக்கிறேன், அதில் நீ இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்.

அங்கே வழுக்குகிற தரையில் தனியாக நடக்காதே, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நட. படி இருந்தால் ஏறாதே. ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்காதே. உனக்குச் சுகப்பிரசவம் ஆகும், அம்மனும் ஞானம்பாளும் இரண்டு பக்கமும் நிற்பார்கள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஆல்போல் தழைத்து நன்றாக இருக்க வேண்டும். இனி ஆக வேண்டிய காரியங்களை வரிசையாக எழுதுகிறேன், யார் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதில் மாற்றம் கிடையாது.

நீ: எனக்கும் ஒரு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் இருக்கிறது. நீ போன மறு மாதமே எடுத்துவிட்டேன், மூன்று வருடமாக பீரோவில் உன் அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அதில் கண்ணாயிரம் என்று எப்படி எழுத்து போட்டிருக்கிறதோ அப்படியே போடு, முதல் பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை: சம்பந்தியம்மா போகும் அதே விமானத்தில் எனக்கு டிக்கெட். அவருக்குப் பக்கத்து இருக்கை வேண்டாம். ரொம்பத் தள்ளியும் வேண்டாம், அவருக்கு முட்டி சரியில்லை, பெட்டியை மேலே தூக்கி வைக்க ஆள் வேண்டும்.

விஜயகுமாரியம்மா: பிள்ளையைக் குளிப்பாட்டுவது, லேகியம் கிண்டுவது, பத்தியச் சமையல் அவருடையது, அதில் நான் தலையிட மாட்டேன். ஊதா வளையலை மறக்காமல் எடுத்துவர வேண்டும், அவர் வளையலோடு கலக்காமல் தனியாக. அந்த பிரிட்ஜ் படத்தில் ஒரு பிரதி எனக்கு வேண்டும், இதை நீயே அவரிடம் கேட்டு வாங்கு, நான் கேட்க மாட்டேன்.

லட்சுமணன்: பதினெட்டு நாளும் எல்லைக்குள் இருக்க வேண்டும். மண்டபத்தில் இருக்கும் பச்சை நாற்காலி நான் வாங்கிப் போட்டது, அதில் உட்காரக் கூடாது. சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன்: நீதான் போட வேண்டும். மாதம் ஒரு தடவை என்றால் ஒரு தடவை, ஆனால் நான் வீட்டில் இருப்பேன், கதவு சாத்தியிருக்கும், ஸ்பீக்கர் கிடையாது.

நான்: பிரசவம் ஆகி நீ எழுந்து உட்கார்ந்ததும் உனக்குத் தலை வாரிவிடுவது. இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ இரண்டாவது படிக்கும்போது உன் அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவாள், உன்னை வேன் படியில் உட்கார வைத்து, பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினது நான்தான். ஒரு பக்கம் மேலே ஒரு பக்கம் கீழே இருக்கும், பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். அது அப்போது. சீப்பு நான் கொண்டுவருகிறேன், உன் அம்மாவுடையது. உனக்கு வருமா என்று அவள் கேட்டதற்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. வரும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணாயிரம்